எடையைப் பற்றி எதுவும் பேசாதீர்கள்

ஆவணியில் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம், சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. என் அக்கா மகளையும், சாப்பாட்டையே ஒதுக்க வைத்த அவளுடைய நோயையும் பற்றியது. அவள் படித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் போடுகிறேன்.

பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் முதலில் சர்க்கரையை விட்டாள், அப்புறம் எண்ணெய், அப்புறம் இரவுச் சாப்பாடு. யாருக்கும் பயம் வரவில்லை. "எவ்வளவு கட்டுப்பாடு பாரு, நம்மால முடியுமா" என்று நானே அவள் காதுபடச் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு வந்த ஒரு பெரியம்மா "அடையாளமே தெரியலடி, சூப்பரா இளைச்சிட்டே" என்றார். அன்று மதியம் அவள் தட்டில் நாலு வாய் ரசம் சோறுதான் இருந்தது, அதையும் ஒரு மணி நேரம் அளைந்துகொண்டிருந்தாள். அதற்குள் மாதவிடாய் நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கத்திரி வெயிலில் போர்த்திக்கொண்டு படுப்பாள். சீப்பு நிறைய முடி. கைகளில் பச்சைக் குழந்தைக்கு இருப்பதுபோல மெல்லிய பூனைமுடி வந்திருந்தது. மொட்டை மாடியில் மணிக்கணக்காக நடப்பாள், மழை பெய்தால் வீட்டுக்குள் நடப்பாள். கேட்டால் "வயிறு உப்புசமா இருக்கு சித்தி, ரெண்டு இட்லியிலேயே நெறஞ்சிடுது" என்பாள். அதனால் வயிற்று டாக்டரிடம் போனோம், எண்டோஸ்கோபி எடுத்தார்கள், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். இன்னொரு இடத்தில் "வயசுக் கோளாறு, ரெண்டு அடி போட்டா சாப்பிடுவா" என்றார்கள். மந்திரித்துக் கயிறு கூடக் கட்டினோம். கடைசியில் ஒரு குழந்தைகள் டாக்டர்தான் நாடியைப் பிடித்துப் பார்த்தார், நிமிடத்துக்கு 44, ரொம்பக் குறைவு. அன்றைக்கே அட்மிஷன். அனோரெக்சியா நெர்வோசா, அதாவது சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து உடம்பைப் பட்டினி போட வைக்கும் மனநோய், அந்தப் பெயரை அன்றுதான் எங்கள் வீட்டில் முதல்முறை கேட்டோம்.

ரத்தப் பரிசோதனை நார்மலாக வந்தாலும் இதயம் ஆபத்தில் இருக்கலாம். மனநோய்களில் உயிர் எடுப்பதில் முன்வரிசையில் நிற்கும் நோய் இது. ஆண் பிள்ளைகளுக்கும் வரும். பருமனாக இருந்து மளமளவென்று இளைத்த பிள்ளை பார்வைக்கு எலும்பும் தோலுமாக இருக்காது, ஆனால் ஆபத்து அதே ஆபத்துதான். "நான் குண்டாயிடுவேன்" என்று வாய் திறந்து சொன்னால்தான் இந்த நோய் என்றும் நினைக்காதீர்கள். 1990களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் தன் நோயாளிகளில் பலர் பருமனைப் பற்றிய பயத்தைச் சொல்லவே இல்லை, வயிறு நிறைந்திருக்கிறது, பசிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள் என்று எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் எண்டோஸ்கோபிதான் ஞாபகம் வந்தது.

வீட்டில் எல்லோரும் அவளைத் திமிர் பிடித்தவள் என்றோம். தட்டைத் தூக்கி எறிந்தாள், அம்மாவிடம் பொய் சொன்னாள், தோழிகளோடு பேசுவதை விட்டாள். ஆனால் மணிக்கணக்காகச் சமையல் வீடியோ பார்த்தாள், எங்களுக்குப் பால் பாயசம் வைத்துக் கொடுத்துவிட்டு, நாங்கள் ஒவ்வொருவரும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இதை எப்படிப் புரிந்துகொள்வது? 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர் பட்டினியைப் பற்றி ஒரு சோதனை நடத்தினார். தாமாக முன்வந்த 36 இளைஞர்கள், உடலும் மனமும் நன்றாக இருந்தவர்கள். ஆறு மாதம் அரை வயிறு சாப்பாடு, எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போயிற்று. அந்த ஆண்கள் எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கிப் போனார்கள், வெயில் காலத்திலும் குளிருகிறது என்றார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை அளைந்து அளைந்து இழுத்தார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். எங்கள் பெண்ணை அப்படியே எழுதி வைத்த மாதிரி இருந்தது. நாங்கள் திமிர் என்று சொன்னதில் பாதிக்கு மேல் பட்டினி செய்த வேலை. பட்டினி கிடக்கும் மூளையிடம் "ஏன் இப்படிப் பண்றே" என்று உட்கார வைத்துக் கேட்டால் என்ன பதில் வரும்? நாங்கள் எட்டு மாதம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

முதல் மருந்து சாப்பாடு. அதற்காக ரொம்ப நாளாகப் பட்டினி கிடந்த பிள்ளைக்கு வீட்டிலேயே திடீரென்று வயிறு முட்டத் திணித்துவிடாதீர்கள், ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பின் அளவு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆரம்பம் டாக்டர் கண்காணிப்பில்தான். அப்புறம் வீடு. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான ஒரு முறை உண்டு: பிள்ளையையும் குறை சொல்வதில்லை, பெற்றோரையும் குறை சொல்வதில்லை, என்ன, எவ்வளவு, எப்போது என்பதைக் கொஞ்ச நாளைக்குப் பெற்றோர் கையில் எடுத்துக்கொள்வார்கள். அக்கா வேலைக்கு நீண்ட லீவு போட்டாள். மூன்று வேளைச் சாப்பாடு, மூன்று வேளை நொறுக்கு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு தோசைக்கு ஒன்றரை மணி நேரம் அழுகை. "நீ எனக்கு அம்மாவே இல்ல" என்று மகள் சொன்னதையெல்லாம் அக்கா காதில் வாங்கிக்கொண்டாள், வாங்கிக்கொண்டு, "சரிம்மா, இந்த வாய்" என்பாள். எடை கூடிய பிறகும் பல மாதம் கழித்துத்தான் அவள் பழையபடி சிரித்தாள்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது தெரிந்தால் காத்திருக்காதீர்கள், முதலில் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள், நாடியையும் ரத்த அழுத்தத்தையும். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

இனி கல்யாண விஷயம். அவளைப் பார்த்ததும் "இப்பதான் நல்லா தேறியிருக்கே, கன்னம் வெச்சிருக்கு" என்று சொல்லத் தோன்றும், பாசத்தில்தான் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். அவள் காதில் அது "குண்டாயிட்டே" என்று மட்டும்தான் விழும், அன்றைய ராத்திரிச் சாப்பாடு போய்விடும். படிப்பு எப்படிப் போகுது என்று கேளுங்கள். கோலம் பிரமாதமாகப் போடுவாள், வாசல் கோலம் அவள்தான் போடப் போகிறாள், அதைப் பற்றிப் பேசுங்கள். பந்தியில் அக்கா அவள் பக்கத்தில் உட்காருவாள், அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அவள் இலையை யாரும் பார்க்க வேண்டாம்.