பெயருக்கு முன்னால் யார் டாக்டர்?

கௌரவ டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர்களுடையதை மற்றவர்கள் விழுங்கக் கூடாது. நம் ஊரில் இரண்டுமே தலைகீழாக நடக்கின்றன.

அண்மையில் ஒரு கல்லூரி விழா அழைப்பிதழைப் பார்த்தேன். தலைமை தாங்கும் தொழிலதிபர் கொட்டை எழுத்தில் 'டாக்டர்'. அவருடையது கௌரவப் பட்டம். துறைப் பேராசிரியர்கள் எல்லோரும் 'முனைவர்'. அதே துறையில் பிஎச்.டி. முடித்து, சிறப்புரை ஆற்ற வரும் பேராசிரியை மட்டும் 'திருமதி'. வழிகாட்டி திருப்பித் திருப்பி அனுப்பிய அத்தியாயங்களை மீண்டும் எழுதி, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வாய்மொழித் தேர்வுக்குப் போய் வாங்கிய பட்டம் அது. அதை எடுத்துவிட்டுக் கல்யாணமானவர் என்பதை மட்டும் ஊருக்குச் சொல்வது என்ன மரியாதை? எனக்கு ஆத்திரமாக வந்தது.

பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956 தெளிவாகவே சொல்கிறது. ஆனாலும் 2023 பிப்ரவரியில் ஒரு தனியார் அமைப்பு அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கிலேயே திரைக்கலைஞர்கள் உள்ளிட்டோருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. பல்கலைக்கழகம் போலீசில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. முறையான பல்கலைக்கழகம் கொடுத்த கௌரவப் பட்டம் பெருமைக்குரியதுதான், மறுக்கவில்லை. வரவேற்பறையில் மாட்டி வைக்கலாம். பத்ம விருதுகளையே பெயரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கௌரவ டாக்டருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

மருத்துவர்கள் விஷயத்தில் எனக்கு வழக்கு இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்தவரை டாக்டர் என்பது காலம் காலமாக வந்த வழக்கம், பயனும் உண்டு. ரயில் முன்பதிவுப் படிவத்திலேயே 'நீங்கள் மருத்துவரா' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அவசரத்துக்கு உதவுமே என்று.

"படித்தவர் அடக்கமாக இருக்கக் கூடாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அம்பேத்கர் 1923-இல் லண்டனிலும் 1927-இல் கொலம்பியாவிலும் முனைவர் பட்டங்கள் பெற்றவர். படிப்பு மறுக்கப்பட்ட மக்கள் அவரை டாக்டர் என்று அழுத்திச் சொல்வதில் ஒரு வரலாறே இருக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரியிடம் போய் அடக்கத்தைப் போதிக்காதீர்கள். சொந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பட்டம் வேண்டாம் என்று அவரே சொன்னால் விட்டுவிடுங்கள். அது அவர் முடிவு. மற்றபடி, அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஒரு போன் போட்டு, "உங்கள் பெயரை எப்படிப் போடட்டும்?" என்று கேளுங்கள். பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள்.