டூப் அதிபரும் ஆடிட்டர் நண்பனும்

அரசியல் படங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி எது என்று கேட்டால், 'டேவ்' படத்தில் வரும் பட்ஜெட் காட்சியைத்தான் சொல்வேன். சண்டை கிடையாது, பஞ்ச் டயலாக் கிடையாது. ஒரு ஆள் மேஜையில் உட்கார்ந்து கூட்டல் போடுகிறான். 1993இல் வந்த ஹாலிவுட் படம். ஐவன் ரைட்மன் இயக்கியது, கேரி ராஸ் எழுதியது. திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. நம் ஊரில் இந்தப் படத்தைப் பற்றி யாரும் அதிகமாகப் பேசிப் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கதை முழுவதும் வரும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

வாஷிங்டனில் தற்காலிக வேலைகளுக்கு ஆள் அனுப்பும் சின்ன ஏஜென்சி நடத்துகிறவன் டேவ். அச்சு அசலாக அமெரிக்க அதிபர் பில் மிட்சல் மாதிரியே இருப்பான். கார் ஷோரூம் விழாவில் அதிபர் வேஷம் கட்டி நாலு காசு பார்க்கிறான். ஒருநாள் அதிபரின் பாதுகாப்புப் படை அவனைத் தேடி வருகிறது. ஹோட்டல் வாசலில் கையாட்டிவிட்டுக் காரில் ஏற வேண்டும், அவ்வளவுதான் வேலை. நிஜ அதிபர் அந்த நேரத்தில் தன் பெண் உதவியாளரோடு அறைக்குள் இருக்கிறார். அங்கேயே பக்கவாதம் வந்து கோமாவுக்குப் போய்விடுகிறார். அதிபரின் வலதுகையான பாப் அலெக்சாண்டர், துணை அதிபருக்கு மனநிலை சரியில்லை, அவர் கையில் நாடு போகக் கூடாது என்று டேவிடம் அளந்துவிட்டு அவனையே நாற்காலியில் உட்கார வைக்கிறார். நிஜத் துணை அதிபரை ஆப்பிரிக்காவுக்கு நல்லெண்ணப் பயணம் அனுப்பிவிடுகிறார். கடைசியில் நாற்காலி தனக்கு வர வேண்டும் என்பதுதான் பாப் போடும் கணக்கு.

அதிபருக்கும் அவர் மனைவிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, தனித்தனி படுக்கையறை. அதனால் டூப்பு பிடிபடச் சில நாட்கள் ஆகின்றன. அந்தக் காதல் கதையை நான் இங்கே தொடப்போவதில்லை. மனைவியாக வரும் சிகர்னி வீவரின் அந்த ஒரு முறைப்பே போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். வீடில்லாதவர்களுக்கான ஒரு திட்டம் டேவுக்குத் தெரியாமலே ரத்தாகிறது. காப்பகத்துக் குழந்தைகளை நேரில் பார்த்துவிட்டு வந்தவன் பாபிடம் போய்க் கேட்கிறான். '650 மில்லியன் டாலரை வேறு எங்காவது மிச்சம் பிடித்துக் காட்டு, திட்டத்தை வைத்துக்கொள்ளலாம்' என்கிறார் பாப், கேலியாக. டேவ் என்ன செய்கிறான் தெரியுமா? தன் பழைய நண்பன் மர்ரேயைக் கூப்பிடுகிறான். மர்ரே சின்னதாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிற ஆடிட்டர். ராத்திரியில் வெள்ளை மாளிகைக்கு வந்து, ஒரு பக்கம் சாப்பிட்டுக்கொண்டே அமெரிக்க பட்ஜெட்டைப் புரட்டுகிறார். இந்தக் கணக்கை எவன் எழுதினான், என் ஆபீஸை இப்படி நடத்தினால் எப்போதோ இழுத்து மூடியிருப்பேன் என்று புலம்புகிறார். மர்ரேயாக வரும் சார்ல்ஸ் க்ரோடின் அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

அடுத்த காட்சி அமைச்சரவைக் கூட்டம். டேவ் ஒவ்வொரு துறையாக விசாரிக்கிறான். வர்த்தகத் துறையில் 47 மில்லியன் டாலருக்கு ஒரு விளம்பரச் செலவு. எதற்கு என்று கேட்டால், உள்நாட்டுக் கார் வாங்கியவர்களின் நம்பிக்கையை வலுப்படுத்த என்று அமைச்சர் நீட்டி முழக்குகிறார். அதாவது ஏற்கெனவே வாங்கிவிட்ட காரைப் பற்றி ஜனங்கள் சந்தோஷப்பட 47 மில்லியனா என்று டேவ் திருப்பிக் கேட்கிறான். அமைச்சருக்கு நெளிகிறது. அதற்காக ஒரு எட்டு வயசுப் பிள்ளையைத் தெருவில் படுக்கச் சொல்ல என்னால் முடியாது என்று டேவ் சொன்னதும், அமைச்சரே சரி என்று விட்டுக்கொடுக்கிறார். தாளில் 47 ஏறுகிறது. அப்புறம் அடுத்த துறை. சொன்ன தேதிக்கு வேலையை முடிக்காத கான்ட்ராக்டர்களுக்குப் பணத்தை ஏன் முன்கூட்டியே கொடுக்கிறோம்? அது நம்மிடமே இருந்தால் வட்டி வருமே? இப்படியே கூட்டிக் கூட்டி 650ஐத் தொடுகிறான்.

நம் சினிமாவில் சாதாரண ஆள் நாற்காலிக்கு வந்தால் முதலில் சஸ்பெண்ட் ஆர்டர்தான் பறக்கும். 'முதல்வன்' பார்த்து விசிலடித்த கூட்டத்தில் நானும் ஒருவன், குறை சொல்லவில்லை. ஆனால் சஸ்பெண்ட் செய்வதில் ஒரு வசதி இருக்கிறது: தப்பு செய்தவன் எதிரே நிற்கிறான், தூக்கி எறிந்தால் தீர்ந்தது. டேவின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அமைச்சர்கள் திருடர்கள் இல்லை. அவரவர் துறைக்கு அவரவர் நியாயம் வைத்திருக்கிறார்கள். அவர்களை அவமானப்படுத்தாமல், சிரித்துப் பேசியே பணத்தைக் கழற்றுகிறான். மளிகைக் கடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி கேள்வி கேட்கும் அம்மாக்களிடம் இருக்குமே, அந்தத் திறமை.

இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தலும் இருக்கிறது. 1993இல் அமெரிக்க மத்திய அரசின் மொத்தச் செலவு சுமார் 1.4 டிரில்லியன் டாலர். அதில் 650 மில்லியன் என்பது நூறு ரூபாயில் ஐந்து பைசாகூட இல்லை. அந்த ஐந்து பைசாவுக்கு இவ்வளவு பாடு. அதைவிட முக்கியம், அங்கே அதிபர் இப்படிச் செய்யவே முடியாது. பணத்தை ஒதுக்குவது காங்கிரஸ், அதாவது அவர்கள் ஊர் நாடாளுமன்றம். ஒதுக்கிய பணத்தை அதிபர் நிக்சன் தன் இஷ்டத்துக்கு நிறுத்தி வைத்தார் என்பதற்காகவே 1974இல் சட்டம் போட்டுக் கையைக் கட்டினார்கள். பட்ஜெட்டில் பிடிக்காத செலவை மட்டும் அடிக்கும் அதிகாரத்தை 1996இல் காங்கிரஸே அதிபருக்குக் கொடுத்துப் பார்த்தது. 1998இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆக, நான் கொண்டாடும் இந்தக் காட்சி சட்டப்படி பார்த்தால் கற்பனை. தெரிந்தேதான் கொண்டாடுகிறேன்.

இன்னொரு உறுத்தல் இதைவிடப் பெரியது. டேவுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. அதிபர் செயலிழந்தால் துணை அதிபர் பொறுப்பேற்க வேண்டும் என்று 1967இல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் வந்த 25ஆவது திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. அவரை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு ஒரு டூப்பை உட்கார வைப்பதற்குப் பெயர் ஆட்சிக் கவிழ்ப்பு. அதைப் பார்த்துத்தான் நாம் கைதட்டிக்கொண்டிருக்கிறோம். ரைட்மன் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். அவருடைய அம்மா நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பியவர். குடும்பம் கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து தப்பி அகதிகளாகக் கனடாவுக்கு வந்தது. ஆட்சிக் கவிழ்ப்பு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, டேவ் கடைசியில் நாற்காலியை உரியவரிடம் ஒப்படைக்கிறான். காங்கிரஸ் முன்னால் நின்று அதிபர் செய்த ஊழலை ஒப்புக்கொண்டு, துணை அதிபர் மேல் சுமத்திய பழி பொய் என்று சொல்லி, அங்கேயே மயங்கி விழுவதுபோல் நடித்து, ஆம்புலன்ஸில் நிஜ அதிபரோடு இடம் மாறிக்கொள்கிறான். அந்த நேர்மையான துணை அதிபராக வருபவர் பென் கிங்ஸ்லி. நமக்கெல்லாம் அவர் காந்தி. கோட் சூட்டில் பார்த்தாலும் அந்த ஆள் பொய் சொல்ல மாட்டார் என்று மனசு நம்பிவிடுகிறது.

ஆள்மாறாட்ட அரசன் கதை நமக்குப் புதுசா என்ன? 'தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா' என்ற 1894ஆம் வருட ஆங்கில நாவல்தான் இந்த வகைக்கெல்லாம் மூதாதை. அதைத் தழுவித்தான் 1958இல் எம்.ஜி.ஆர். 'நாடோடி மன்னன்' எடுத்தார். நாவலில் வருகிறவன் ராஜாவைக் காப்பாற்றிவிட்டு ஊரைப் பார்த்துப் போய்விடுவான். எம்.ஜி.ஆரின் வீராங்கனோ அரசனாக உட்கார்ந்ததும் மக்களுக்கான சட்டங்களைப் போட ஆரம்பிக்கிறான். படம் ஆரம்பிக்கும்போதே திரையில் கட்சிக் கொடி பிடித்து நிற்கும் ஜோடி. அங்கே சினிமா எங்கே முடிகிறது, அரசியல் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாரால் பிரிக்க முடியும்? 1972இல் அதே எம்.ஜி.ஆர். திமுக பொருளாளராக இருந்துகொண்டே கட்சிக்காரர்களிடம் கணக்குக் கேட்டதும், வெளியேற்றப்பட்டதும், அந்த அக்டோபரிலேயே அதிமுக பிறந்ததும் ஊரறிந்த கதை. கணக்குக் கேட்பதை ஒரு பெரிய நாடகமாக்கி அதில் ஜெயித்தும் காட்டிய ஊர் நம்முடையது. அப்படியிருந்தும் நம் திரைக்கதைகளில் பட்ஜெட் புத்தகம் தலைகாட்டுவதே இல்லை.

'டேவ்' படத்தில் நிஜ அமெரிக்க செனட்டர்களே சிலர் வந்து முகம் காட்டுவார்கள். பேட்டியாளர் லாரி கிங் வருவார். எல்லாவற்றிலும் உச்சம் ஆலிவர் ஸ்டோன். கென்னடி கொலையைப் பற்றிச் சதிப் படம் எடுத்து இரண்டு வருஷம்கூட ஆகாத நேரம். அவரே அவராக டிவியில் உட்கார்ந்து, அதிபரை மாற்றிவிட்டார்கள், இவர் வேறு ஆள் என்று படங்களைக் காட்டி வாதாடுகிறார். யாரும் சட்டை செய்வதில்லை. நாடு முழுவதும் உண்மையைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான்!

படம் முடியும்போது டேவ் வாஷிங்டன் நகரக் கவுன்சில் தேர்தலில் நிற்கிறான். அதிபராக இருந்தவன் கவுன்சிலர் சீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்கிறான். எனக்கு அது ரொம்பப் பிடித்த முடிவு, ஆனால் அந்த ஊர் நிலவரம் தெரிந்தால் பாவம் என்றுதான் தோன்றும். வாஷிங்டன்வாசிகளுக்குக் காங்கிரஸில் ஓட்டுப் போடும் உறுப்பினரே கிடையாது. நகரக் கவுன்சில் போடும் சட்டத்தைக் காங்கிரஸ் நினைத்தால் தூக்கிப் போடலாம். படம் வந்து இரண்டே வருஷத்தில், 1995இல், நகரம் கிட்டத்தட்ட திவாலாகும் நிலைமைக்கு வந்தது. காங்கிரஸ் ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தைப் போட்டு நகரத்தின் பணப்பெட்டியைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. டேவ் ஜெயித்திருந்தால் அந்த வாரியத்தோடுதான் மல்லுக்கட்டியிருப்பான்.

அப்போது நகரத்தின் கணக்கைச் சீர்செய்யத் தலைமை நிதி அதிகாரியாக வந்தவர் அந்தோணி வில்லியம்ஸ். எப்போதும் வில் மாதிரி டை கட்டிக்கொள்ளும், மேடைப் பேச்சுக்குப் பேர்போகாத ஒரு கணக்குப்பிள்ளை. பற்றாக்குறையில் கிடந்த நகரம் உபரிக்கு வந்தது. நீங்களே மேயராக நில்லுங்கள் என்று ஊர்க்காரர்கள் சிலர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். 1998 தேர்தலில் நின்று ஜெயித்து, இரண்டு தடவை மேயராக இருந்தார். டேவை விடுங்கள், அந்த ஊரில் நிஜமாகவே நாற்காலிக்கு வந்தது மர்ரேதான்.