பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற பழைய கார் தேடுகிறவர்களுக்கு

கார் வாங்கி இரண்டாவது வாரம். கொட்டகலையிலிருந்து காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டு, பத்தனை தாண்டி, டெவன் நீர்வீழ்ச்சி தெரிகிற வளைவும் போய், தலவாக்கலை டவுனே வந்துவிட்டது. டேஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் அடிக்கோட்டை விட்டு ஒரு நூல்கூட எழும்பவில்லை. எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. பழைய கார் என்றாலே ஏற்றத்தில் கொதிக்கும் என்று எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள், இது கொதிக்கவே இல்லையே என்று நிம்மதியாக இருந்தேன். எழும்பாத அந்த முள்ளுக்குப் பின்னால் மாதம் 30 லிட்டர் பெட்ரோல் வீணாகப் போய்க்கொண்டிருந்தது தெரிய மூன்று மாதம் ஆனது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், கொஞ்ச நாளாக இன்பாக்ஸில் வருகிற ஒரே கேள்வி: “டீச்சர், டெய்லி ஸ்கூல் போக வர பெட்ரோல் குடிக்காத பழைய கார் ஒன்று சொல்லுங்க. லிட்டருக்கு இருபது ஓடணும்.” கேட்கிறவர்களில் பாதிப்பேர் ஆசிரியர்கள். மற்றவர்கள் வங்கியில், ஆஸ்பத்திரியில், டவுன் கடைகளில் வேலை செய்கிற தோட்டத்துப் பிள்ளைகள். குடும்பத்தில் முதன்முதலாகக் கார் வாங்கப் போகிறவர்கள். தவறான காரில் காசைப் போட்டால் அதைச் சரிக்கட்ட அவர்களுக்கு வேறு கை கிடையாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம மலைக்கு வாங்கும்போது, விளம்பரத்தில் போட்டிருக்கிற ‘லிட்டருக்கு இத்தனை’ என்பதைக் கடைசியாகப் பாருங்கள். காரின் நிலைமையை முதலில் பாருங்கள். நன்றாகப் பராமரித்த, சாதாரணமான, 1000 சிசி மேனுவல் கார் ஒன்று, கவனிப்பில்லாமல் கிடந்த ‘இருபது ஓடும்’ காரைவிட நம் ரோட்டில் குறைவாகத்தான் குடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். எனக்குப் போக வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மாதம் 22 நாள் என்றால் 1320. லிட்டர் 300 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 ஓடுகிற காருக்கு 132 லிட்டர், 39,600 ரூபாய். 15 ஓடினால் 88 லிட்டர், 26,400. அதாவது 13,200 மிச்சம். சரி, அதே ஐந்து கிலோமீட்டரை இன்னும் கூட்டி 20 ஓடுகிற கார் வாங்கினால்? 66 லிட்டர், 19,800. மிச்சம் 6,600 மட்டும். மேலே போகப் போக மிச்சம் சுருங்கிக்கொண்டே வரும். அந்த 6,600க்காக 10 இலட்சம் கூடக் கொடுத்து வேறு கார் எடுத்தால், போட்ட காசு திரும்பி வரப் பன்னிரண்டரை வருஷம் வேண்டும். அதையும் லீசிங்கில் எடுத்தால் வட்டி தனி. ஆகவே 10க்குக் கீழே ஓடுகிற காரை 14, 15க்குக் கொண்டுவருவதில்தான் நம்மைப் போன்றவர்களுக்குக் காசு இருக்கிறது. பெரும்பாலும் அதற்குப் புதுக் கார் தேவைப்படாது.

புதுக் கார் நமக்கு எட்டாது என்பதும் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது. திறந்த பிறகும் வரியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நடுவில் 2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெட்ரோல் லிட்டர் 470 ரூபாய், பெட்ரோல் செட்டுகளில் ராத்திரி பகலாக வரிசை, அப்புறம் கியூஆர் கோட் காட்டினால்தான் வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்ற கோட்டா. அந்த வருஷம்தான் நான் சின்ன என்ஜின் கார்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். 2023இல் வாங்கியது நிஸான் மார்ச் கே11, 2000ஆம் ஆண்டு தயாரிப்பு, 997 சிசி, மேனுவல் கியர். கொழும்பிலிருந்து வந்த கார். ‘பதினாறு, பதினேழு ஓடும்’ என்றுதான் விற்றவர் சொன்னார். முழு டேங்க் அடித்து, மீட்டரைக் குறித்து, மறுபடி முழு டேங்க் அடித்துக் கணக்குப் பார்த்தேன். 9 ஓடியது.

மூன்று மாதம் கராஜுக்குக் கராஜ் போனேன். ஒருவர் பிளக் மாற்றினார். ஒருவர் “பழைய என்ஜின் டீச்சர், இவ்வளவுதான்” என்றார். கடைசியில் ஹட்டனில் ஒரு வயசான மெக்கானிக் அண்ணன் என்ஜினைத் தொடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “முள்ளு நடுவுக்கு வருதாம்மா?” வருவதில்லை என்றேன். தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிற இடத்தைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒன்றுமே இல்லை.

கீழ்நாட்டில் கார் கொதித்தால், காரணத்தைத் தேடாமல் அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. வால்வு இருந்தால், என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மூடி வைத்திருக்கும். அது இல்லாவிட்டால் தண்ணீர் ஓயாமல் சுற்றிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். கொழும்பு வெயிலில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. நம்ம பக்கத்து மார்கழி மாதக் காலையில் என்ஜின் சூடாகவே வழியில்லை. என்ஜின் குளிராக இருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டர் நினைத்தால் பெட்ரோலைக் கூட ஊற்றிக்கொண்டே இருக்கும், அப்படித்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். கொட்டகலையிலிருந்து நானுஓயா வரை என் கார் ‘இப்போதுதான் ஸ்டார்ட் ஆன’ காராகவே ஓடியிருக்கிறது. வால்வுக்கும் கூலிக்கும் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது. அடுத்த டேங்கில் 11.5.

அதோடு அந்த அண்ணன் இன்னொன்றும் காட்டினார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து நான்கு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோகச் சொன்னார். பின் இடது பக்கம் மட்டும் அனல் அடித்தது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, நான் பிரேக்கோடு மல்லுக்கட்டித்தான் தினமும் மலை ஏறியிருக்கிறேன். அதைச் சரிசெய்து, டயருக்குச் சரியாகக் காற்று அடித்த பிறகு 13.

அதற்கு மேல் இன்னொரு ஒன்றரைக் கிலோமீட்டர் அப்பா தந்தது. அப்பா தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். ஒரு நாள் என்னோடு வந்தபோது, இறக்கத்தில் நான் நியூட்ரல் போட்டு விடுவதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். “ஏறுன கியர்லதான் எறங்கணும் பாப்பா. வண்டிய அவுத்து விட்டுட்டா அப்புறம் அது ஒன் பேச்சு கேக்காது.” பெட்ரோல் மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்கிறேன் என்றேன். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், வேன் ஓட்டுகிற தம்பிமார் உட்பட. உண்மை நேர் எதிர். கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர் உள்ள காரில், கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் வருவதே நின்றுவிடும், வீல்தான் என்ஜினைச் சுற்றும். நியூட்ரல் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு இன்ஜெக்டர் தெரியாது. ஆனால் அவர் சொன்னதுதான் பெட்ரோலுக்கும் சரி, உயிருக்கும் சரி.

உயிர் என்று சும்மா சொல்லவில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் செத்துப்போனார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனசு கனக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் போகும், பழைய பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே இறங்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம்ம ஊரில் ஈரத்துக்குக் குறைவில்லை. பழைய கார் வாங்கினால் முதல் வாரமே அதை மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் பற்றிக் கேட்கிறார்கள். நான் அதற்கு எதிரி இல்லை. கூட வேலை செய்கிற டீச்சர் ஒருவர் டொயோட்டா அக்வா வைத்திருக்கிறார், நன்றாக ஓடுகிறது. இறக்கத்தில் வீணாகப் போகிற வேகத்தை பேட்டரியில் சேர்ப்பது நம்ம மலைக்குப் பொருத்தமான வேலைதான். ஆனால் நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும் மாதிரி நீண்ட இறக்கத்தில் பேட்டரி சீக்கிரம் நிறைந்துவிடும், அதற்கு மேல் சேர்க்க இடமிருக்காது, பிரேக்குக்குக் கிடைத்த அந்த உதவியும் குறைந்துவிடும். அப்போது கியர் லீவரை ‘பி’யில், அதாவது என்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கிற நிலையில் போட்டு இறங்க வேண்டும். வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? அக்வா 2011 கடைசியில் வந்தது, ஆரம்பகால வண்டிகளுக்கு இப்போது என்ன வயசு என்று பாருங்கள். பேட்டரி சோர்ந்துபோன ஹைபிரிட்டை லீசிங்கில் எடுத்து, தவணையும் கட்டி பேட்டரிக்கும் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பேட்டரியைச் சோதித்த அறிக்கை கையில் இல்லாமல் பழைய ஹைபிரிட் வாங்க வேண்டாம் என்பதுதான் என் நிலைப்பாடு.

660 சிசி கார்களையும் யோசித்து எடுங்கள். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவு குறைவு, டர்போ இல்லாத என்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். நான்கு பேரும் சாமானும் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் முக்கி முக்கி ஏறுகிற சின்ன என்ஜின், நிதானமாக ஏறுகிற 1000 சிசியைவிடக் குறைவாகக் குடிக்கும் என்று நம்பாதீர்கள். தனியாகப் போய் வருகிறவருக்கு 660 போதும்.

தோட்டத்துக்குள் வீடு இருப்பவர்கள் கடைசி இரண்டு கிலோமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டில் பறக்கிற தாழ்வான கார், லயத்துக்கு ஏறுகிற கல் ரோட்டில் சைலன்சரைக் கழற்றிவிட்டு வரும். கடற்கரைப் பக்கம் ஓடிய கார் என்றால் மிதியடியைத் தூக்கித் தரையைத் தட்டிப் பாருங்கள், பெயின்டுக்கு அடியில் உக்கிப்போயிருக்கும். மீட்டர் குறைவாகக் காட்டி, பிரேக் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருந்தால் பெடலை நம்புங்கள். ‘ஓபன் பேப்பர்’ காரை, அதாவது விற்கிறவர் தன் பெயருக்கு மாற்றாமல் பழைய சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட பேப்பரோடு கைமாற்றுகிற காரை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

இப்போது என் கார் 14.5 ஓடுகிறது. 9 ஓடிய காலத்தோடு ஒப்பிட்டால் மாதம் 55 லிட்டர் மிச்சம். அதே கார், அதே ரோடு. காலை ஸ்டார்ட் செய்து கால்மணி நேரம் நிறுத்திச் சூடாக்குவதையும் விட்டுவிட்டேன், அரை நிமிஷம் போதும், முதல் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டினால் சரி. பத்தனைச் சந்தி வருவதற்குள் முள் நடுவுக்கு வந்து நிற்கிறது. தினமும் பார்க்கிறேன்.

இந்த ஞாயிறு யாராவது கார் பார்க்கப் போவதாக இருந்தால், காலை ஆறு மணிக்கே போங்கள். வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று விற்கிறவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஒரு ஏற்றத்தில் ஏற்றி, ஒரு இறக்கத்தில் இறக்கி, முள் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்துவிட்டு, நான்கு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். விலை பேசுவது அதற்கப்புறம்.