திங்கட்கிழமை மட்டும் சுற்றாத விசிறி

(கிருஷ்ணகிரி. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிற வழியில் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. மார்கழி மாதத்துத் திங்கட்கிழமை, காலை எட்டே கால். குறைதீர்க்கும் நாள் என்பதால் மனு அடிக்க ஏழெட்டுப் பேர் வாசலில் நிற்கிறார்கள். கடைக்காரர் மல்லிகா ஸ்வெட்டரும் கோபமுமாக உட்கார்ந்திருக்கிறார். மெக்கானிக் சேகர் பையோடு வருகிறான்.)

மல்லிகா: வா தம்பி. வந்த கையோடு அந்தக் கண்டன்சரை மாற்றிவிட்டுப் போ.

சேகர்: எந்தக் கண்டன்சர் அக்கா?

மல்லிகா: இந்தக் கம்ப்யூட்டர் ஃபேனில் இருக்கிறதே, அதுதான். என் வீட்டு சீலிங் ஃபேனும் இப்படித்தான் தகராறு செய்தது. ஒட்டடைக் கம்பால் ஒரு தட்டு தட்டினால்தான் சுற்றும். 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றை மாற்றினார்கள், சரியாகிவிட்டது.

சேகர்: அது 230 வோல்ட் ஏசி மின்சாரத்தில் ஓடுகிற மோட்டார். கிளம்புவதற்கு ஒரு தள்ளு வேண்டும், அதைக் கண்டன்சர் கொடுக்கிறது. இது 12 வோல்ட் டிசி. அந்த மாதிரிக் கண்டன்சரே இதில் கிடையாது.

மல்லிகா: பிறகு ஏன் இதுவும் குச்சியால் தள்ளினால் ஓடுகிறது?

சேகர்: தள்ளினீர்களா? எதை வைத்து?

மல்லிகா: ஊதுவத்திக் குச்சிதான். சாமிக்குக் காட்டிவிட்டு அப்படியே இதற்கும் ஒரு குத்து.

சேகர்: எரிகிற ஊதுவத்தியாலா!

மல்லிகா: அணைத்துவிட்டுத்தான். ஒரே ஒரு நாள் மறந்துவிட்டேன்.

சேகர் (டார்ச் அடித்து): தெரிகிறது. ஒரு இறக்கையின் ஓரம் உருகியிருக்கிறது.

மல்லிகா: இறக்கை கிடக்கட்டும். இதைப் பார். (நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறார்.) செவ்வாய், சுற்றியது. புதன், சுற்றியது. வியாழன், வெள்ளி, சுற்றியது. திங்கள், சுற்றவில்லை. நான்கு வாரமாக இதே கதை. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது. மனுக்கூட்டம் என்று அன்றைக்கு மட்டும் எட்டு மணிக்கே திறக்கிறேன். மற்ற நாளெல்லாம் பத்து மணிக்கு.

சேகர்: சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை ராகுகாலம் ஆயிற்றே? அன்றைக்கு?

மல்லிகா: அலுவலகம் லீவு, நானும் லீவு. ராகு தனியாக வந்து என்ன செய்வார்?

(சேகர் பட்டனை அழுத்துகிறான். விசிறி கால் சுற்றுப் போய், நடுங்கி, நிற்கிறது. மறுபடி நடுங்குகிறது. திரையில் ‘சிபியூ ஃபேன் எரர், எஃப்1 அழுத்தவும்’ என்று வருகிறது. மின்சாரத்தை அணைக்கிறான்.)

சேகர்: விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்பு அனுப்பிக் கணக்குக் காட்ட வேண்டும். கணக்கு வரவில்லை என்றால் உள்ளே இருக்கிற மதர்போர்டு இப்படித்தான் கத்தும். தவிர, காலைக் குளிரில், இந்த விசிறி ஆற்றுகிற பிராசசர் சிப்பும் சூடாக இருக்காது. ‘மெதுவாகச் சுற்றினால் போதும்’ என்று போர்டு கொஞ்சம்தான் விசை கொடுக்கிறது. ஓடுகிற விசிறிக்கு அது போதும். நிற்கிற விசிறி கிளம்ப அதைவிட அதிகம் வேண்டும்.

மல்லிகா: எங்கள் வீட்டுக்காரர் மாதிரி என்று சொல். கிளப்பிவிட்டால் சந்தை வரைக்கும் போவார். கிளப்புவதுதான் பாடு.

சேகர்: அதற்காக இவ்வளவு இறுகியிருக்கக் கூடாதே... நடுவில் இருக்கிற ஸ்டிக்கரை உரித்தது யார்?

மல்லிகா: நான்தான். கார்த்திகைக் கடைசியில் கிறீச் கிறீச் என்று ஒரே சத்தம். எண்ணெய் விட்டேன்.

சேகர்: என்ன எண்ணெய்?

மல்லிகா: நல்ல எண்ணெய்தான்.

சேகர்: நல்லெண்ணெயா!

மல்லிகா: சே, நல்ல எண்ணெய் என்றேன். தேங்காய் எண்ணெய். செம்பருத்திப் பூ போட்டு நானே காய்ச்சியது.

(சேகர் ஸ்டிக்கரைத் தூக்கி ஸ்குரூடிரைவர் முனையால் சுரண்டுகிறான். வெண்ணெய் போல ஒரு வெள்ளைத் துளி வருகிறது. கடை முழுக்கத் தலைக்குக் குளித்த வாசம்.)

சேகர்: இதோ உங்கள் ராகு. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். அலமாரியில் இருக்கிற பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், ஒரு சொட்டு விழாது. பத்து மணிக்கு வாசல் வெயில் கம்ப்யூட்டர் பெட்டி மேல் விழுகிறது, எண்ணெய் இளகுகிறது, விசிறி சுற்றுகிறது. எட்டு மணிக்கு ஏது வெயில்?

மல்லிகா: தலையில் வைத்தால் நன்றாகத்தானே ஊறுகிறது?

சேகர்: உங்கள் தலை 12 வோல்ட்டில் சுற்றுவதில்லையே அக்கா.

மல்லிகா: திங்கட்கிழமையானால் அதுவும்தான் சுற்றுகிறது.

(பக்கத்துத் தையல்கடையிலிருந்து மெஷின் எண்ணெய் வருகிறது. சேகர் பழைய எண்ணெயைத் துடைத்து எடுத்து, இரண்டே சொட்டு விட்டு, விரலால் சுற்றிப் பார்க்கிறான். விசிறி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வாசலில் ஒரு பெரியவர், “பட்டா மனு, சீக்கிரம் அம்மா” என்கிறார்.)

சேகர்: பட்டனை அழுத்துங்கள். ஓடினதும் பயாஸில், அதாவது போர்டின் அமைப்புத் திரையில், விசிறியின் குறைந்தபட்ச வேகத்தையும் கொஞ்சம் கூட்டிவிடுகிறேன்.

மல்லிகா: மணி எட்டு ஐம்பது. பத்து நிமிடம் பொறு.

சேகர்: அக்கா, இப்போதே ஓடும்!

மல்லிகா: பழுது பார்ப்பது எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். தொடங்குவதற்கு நேரம் இருக்கிறது. டீ குடி.

(டீ. ஒன்பது மணி ஒரு நிமிடம். மல்லிகா கும்பிட்டுவிட்டுப் பட்டனை அழுத்துகிறார். விசிறி ஒரே மூச்சில் சுற்றுகிறது.)

மல்லிகா (வாசலைப் பார்த்து): வாருங்கள் பெரியவரே! பார்த்தீர்களா, ராகுகாலம் முடிந்ததும் தானாகவே சுற்றிவிட்டது!

சேகர்: அக்கா, பத்தரைக்கு எமகண்டம் தொடங்கிவிடும். அதற்குள் என் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.