எண்ணெய் ஊறும் கார்

(கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக் கராச். 1981 கொரோலாவின் பொனட் திறந்து கிடக்கிறது. முன்னால் மெக்கானிக் ரவி. பக்கத்தில் ஓய்வுபெற்ற கிளாக்கர் கந்தையா, காவலுக்கு நிற்பவர்போல.)

கந்தையா: தம்பி, ஏத்தத்தில கார் இழுக்குதில்லை, அவ்வளவுதான். எஞ்சின்ல கை வச்சுப்போடாதையும். அது தங்கம். எல்லாற்றை காரும் எண்ணெய் குடிக்குது, என்ரை கார் எண்ணெய் ஊறுது!

ரவி: ஊறுதோ?

கந்தையா: கிழமைக்குக் கிழமை எண்ணெய் அளக்கிற கம்பியை இழுத்துப் பாக்கிறன். மட்டம் ஏறிக்கொண்டெல்லோ போகுது.

(ரவி கம்பியை இழுத்து அவர் மூக்கடியில் நீட்டுகிறான்.)

ரவி: மணந்து பாருங்கோ அண்ணை.

கந்தையா: பெற்றோல் மணக்குது.

ரவி: நீங்கள் காசு குடுத்து அடிச்ச பெற்றோல்தான்.

கந்தையா: ஐயோ, அளவில குறைக்கிறான் எண்டு பெற்றோல் செட்காரனோட சண்டை பிடிச்சிட்டு வந்தனான்!

ரவி: எஞ்சின்ல பூட்டின பெற்றோல் பம்முக்குள்ள டயபிராம் எண்டு ஒரு றப்பர் தாள். எஞ்சினுக்குள்ள கேம் எண்டு மேடு பள்ளமா ஒரு உருளை, அது சுத்த பம்மின்ர கை ஆடும், கை அந்தத் தாளை இழுக்கும், பெற்றோல் உள்ள வரும். ஸ்பிரிங் திருப்பித் தள்ள, பெற்றோலைக் காத்தோட கலக்கிற காபரேற்றருக்குப் போகும். தாள் கிழிஞ்சால் கொஞ்சம் காபரேற்றருக்கு, மிச்சம் எஞ்சினுக்கு அடியில எண்ணெய் நிக்கிற சம்புக்கு.

கந்தையா: அப்ப தாளை மட்டும் மாத்தும்.

ரவி: இது விளிம்பு மடிச்சு அடைச்ச பம், பிரிக்கேலாது. புதுசு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில எடுத்தாச்சு.

கந்தையா: அங்க தேடினால் என்ரை காரையே துண்டு துண்டா வாங்கலாம்.

(ரவி பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, பெற்றோல் பைப்பை இழுக்கிறான். வடிகிறது.)

ரவி: அண்ணை, கெதியா அந்தப் பேனையைத் தாங்கோ, அடைக்க.

கந்தையா: இது கந்தோர்ப் பிரியாவிடையில தந்த பேனையடா!

ரவி: பைப்புக்கு அது தெரியாது அண்ணை.

(பேனை போய்விட்டது. பழைய பம்மும் கழன்று வருகிறது.)

கந்தையா: பம்முக்கும் எஞ்சினுக்கும் நடுவில இந்தத் தடிச்ச கட்டை என்னத்துக்கு? எறியும்.

ரவி: எறிஞ்சால் பம்மின்ர கை கேம்ல கூட முட்டி நசியும். எஞ்சின் சூடும் பம்முக்கு ஏறும், பெற்றோல் ஆவியாகி காலி வீதியில கார் நிண்டிடும்.

கந்தையா: காலி வீதியில நிக்காத கார் எது?

(புதுப் பம் பொருந்த மறுக்கிறது.)

கந்தையா: போல்ட்டை இறுக்கும், தானா உள்ள போகும்!

ரவி: முறியும். கை கேமின்ர மேட்டில நிக்குது. எஞ்சினைக் கொஞ்சம் சுத்தினால் பள்ளத்துக்கு வரும். ... இப்ப பாருங்கோ, விரலாலயே இருக்குது. இனி எண்ணெயையும் பில்டரையும் மாத்தவேணும்.

கந்தையா: ஊறினது முழுக்க ஊத்துறதோ!

ரவி: பெற்றோல் கலந்தால் எண்ணெய் தண்ணியாப் போகும். உதோட ஓடினால் எஞ்சின் பெயரிங் தேஞ்சு போயிடும்.

கந்தையா: (தலையைச் சொறிந்து) அப்ப மேல்வீட்டு டொக்டருக்கு என்னத்தைச் சொல்ல? என்ரை எண்ணெய் மார்க்கைக் கேட்டுத்தான் அவரும் ஊத்தினவர்.

ரவி: ஊத்தி?

கந்தையா: அவற்றை காரிலயும் இப்ப ஏறுதாம். நேற்று மாலுபாண், அதுதான் மீன் பணிஸ், கொண்டுவந்து தந்து நன்றி சொன்னவர்.

ரவி: அவற்றை கார் என்ன?

கந்தையா: இதே கொரோலாதான்.

ரவி: (உள்ளே திரும்பி) டேய், பஞ்சிகாவத்தைக் கடைக்கு ஒரு கோல் அடி. இன்னொரு பம் எடுத்து வைக்கச் சொல்லு!