மீட்கும் கருவியின் குறிப்பு, அது எதை அழிக்கும் என்பதில் தொடங்க வேண்டும்

நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட்டுகளுக்கு (கருவிகளைத் தாமே இயக்கி வேலை செய்யும் ஏஐ மாடல்களுக்கு) கோப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்பும் கருவியொன்றைக் கொடுப்பவர்கள், "கோப்பை முந்தைய நிலைக்கு மீட்டமைக்கும்" என்ற ஒற்றை வரியை அதற்கு விளக்கமாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். அந்த வரியில் பொய் ஏதும் இல்லை. ஆனால், கருவியை இயக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டிய ஏஜென்ட்டுக்குத் தேவையான தகவலும் அதில் இல்லை.

இத்தகைய கருவிகள் பலவற்றின் அடியில் இருப்பது, கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமித்து வைக்கும் கிட் (Git) மென்பொருளின் ரீஸ்டோர் கட்டளைதான். 2019 ஆகஸ்டில் கிட் 2.23 பதிப்போடு வந்த இக்கட்டளைக்குக் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால், ஸ்டேஜ் செய்யப்பட்ட (அடுத்த பதிவுக்கெனத் தயாராக வைத்த) வடிவத்தை, அப்படி எதுவும் இல்லையென்றால் கடைசி கமிட்டில் (வரலாற்றில் செய்த கடைசிப் பதிவில்) உள்ள வடிவத்தை எடுத்து, டிஸ்கில் இருக்கும் கோப்பின் மேல் எழுதிவிடும். ஸ்டேஜ் செய்யாத மாற்றங்கள் கிட்டின் சேமிப்புக்குள் ஒருபோதும் நுழைந்ததில்லை என்பதால், கிட் தன் பழைய நிலைகளைக் குறித்து வைக்கும் ரெஃப்லாக்கில் எவ்வளவு தேடினாலும் அவை கிடைக்கமாட்டா. கிட்டின் கண்காணிப்பில் இல்லாத கோப்புகளை அழிக்கும் கிட் கிளீன் கட்டளையாவது இயல்புநிலையில் -எஃப் (கட்டாயப்படுத்து) கொடுக்காமல் எதையும் அழிக்க மறுக்கும். எவையெல்லாம் அழியும் என்று முன்கூட்டியே காட்ட -என் என்ற வசதியும் அதற்கு உண்டு. ரீஸ்டோருக்கு இவ்விரண்டும் கிடையாது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: --சோர்ஸ் என்று ஒரு பழைய கமிட்டைக் காட்டி ஒரு கோப்புறையையே மீட்கச் சொன்னால், அந்தக் கமிட்டில் இல்லாத, ஆனால் இன்று கிட்டின் கண்காணிப்பில் இருக்கும் கோப்புகளை அது நீக்கியும் விடும்.

இனி ஏஜென்ட் வேலை செய்யும் சூழலை எண்ணிப் பாருங்கள். காலையிலிருந்து ஒருவர் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டிருக்கிறார், இன்னும் கமிட் செய்யவில்லை. ஏஜென்ட் அதே கோப்பில் நான்கு வரிகளை மாற்றுகிறது, டெஸ்ட் தோற்கிறது, தன் நான்கு வரிகளைத் திரும்பப் பெறுவதற்காக மீட்புக் கருவியை அழைக்கிறது. எந்த வரியை யார் எழுதினார் என்பது கருவிக்குத் தெரியாது. முழுக் கோப்பும் திரும்பிவிடுகிறது. கட்டளை வெற்றியாக முடிந்தால் திரையில் ஒரு சொல்லும் வராது என்பதால், "என் மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன்" என்று ஏஜென்ட் நல்லெண்ணத்தோடு அறிக்கை தருகிறது. கிட்டைப் பற்றி அந்த மாடல் பயிற்சியிலேயே ஓரளவு கற்றிருக்கலாம். ஆனால் நாம் கிட் கட்டளையை மூடி, வேறொரு பெயரில் கருவியாகத் தரும்போது, அதன் உள்ளே நடப்பதை அறிய நம் விளக்கத்தை விட்டால் மாடலுக்கு வேறு வழியில்லை.

ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைக்க, ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையின் 2025 மார்ச் பதிப்பில், ஒரு கருவி அழிக்கும் தன்மையுடையதா என்று குறிக்க ஓர் அடையாளம் சேர்க்கப்பட்டது. எழுதுபவர் எதுவும் குறிக்காவிட்டால் அழிக்கக்கூடியது என்றே கொள்ள வேண்டும் என்ற அதன் விதி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆயினும் எது அழியும், யாருடையது அழியும் என்பதை ஆம், இல்லை என்ற அடையாளத்தால் சொல்ல முடியாது. "எச்சரிக்கையுடன் பயன்படுத்தவும்" என்ற வழக்கமான வாக்கியமும் அதைச் சொல்வதில்லை.

நான் எழுதினால் இப்படித்தான் தொடங்குவேன்: "இக்கருவி, குறிப்பிட்ட கோப்பில் உள்ள, ஸ்டேஜ் செய்யப்படாத எல்லா மாற்றங்களையும், அவை பயனருடையவையாக இருந்தாலும், மீட்க முடியாதபடி அழிக்கும். இயக்கும் முன் கிட் டிஃப் (மாற்றங்களைக் காட்டும் கட்டளை) பார்க்கவும். நீங்கள் எழுதாத வரி ஒன்றேனும் அதில் இருந்தால் இயக்காமல் பயனரிடம் கேட்கவும். உங்கள் வரிகளை மட்டும் நீக்க, எடிட் கருவியைப் பயன்படுத்தவும்." நீண்ட விளக்கம் டோக்கன்களை (மாடல் படிக்கும், செலவைக் கணக்கிடும் உரைத்துண்டுகளை) தின்னும் என்பார்கள். ஒருவரின் அரைநாள் உழைப்போடு ஒப்பிட்டால், இந்த நான்கு வாக்கியங்களின் செலவைப் பொருட்படுத்தவே வேண்டியதில்லை.

அழிக்கும் முன் கருவியே ஒரு நகலை எடுத்து வைக்கலாமே என்று கேட்பது நியாயம். அப்படிச் செய்வதே சிறந்தது. அப்போதும் அந்த நகல் எங்கே இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும் என்பதை விளக்கத்திலும், கருவி திருப்பித் தரும் செய்தியிலும் எழுத வேண்டும். 2025 ஜூலையில், நிரல் எழுத உதவும் தளமான ரெப்லிட்டின் ஏஜென்ட் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்தை அழித்தபின், பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை என்று பயனரிடம் சொன்னது. உண்மையில் வழி இருந்தது. பயனர் தாமே முயன்று பார்த்துத்தான் தரவை மீட்டார்.