அந்தப் பெண் சொன்னதில் எது பொய்?

ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ் மன்றத்தின் பேச்சுப் போட்டியில் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. "பொன் விளைந்த பர்மாவில் தமிழர்" என்ற தலைப்பைக் கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாம். ரங்கூன் முகல் தெருவில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளையும் கோவில் திருப்பணிகளையும் புகழ்ந்துவிட்டு அமர்வாள் என்று நாம் எதிர்பார்த்திருந்த அந்த மாணவி, நூலகத்தில் தானாகத் தேடிப் படித்துவிட்டு வந்து, அந்தப் பொன் யாருடைய வயலில் விளைந்தது என்று கேட்டவுடன் மைக்கை அணைத்துவிட்டோம். அவள் சொன்னதில் எது பொய்?

கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார் நிறுவனங்களின் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. 1937இல் 25 பங்கு. நெல் விலை சரிந்தது, அடமானம் மூழ்கியது, உழுதவன் தன் நிலத்திலேயே குத்தகைக்காரன் ஆனான். செட்டியார்களுக்கு வேண்டியிருந்தது வட்டிதானே தவிர வயல் அன்று என்றும், விலைச் சரிவு உலகம் முழுவதும் வந்ததுதான் என்றும் சிலர் எழுதியிருக்கிறீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அதனால் நிலம் கைமாறவே இல்லை என்று ஆகிவிடுமா?

எனக்கு வலிப்பது வேறு. என் தாத்தா கிட்டங்கியில் கணக்கு எழுதியவர் அல்லர். நெல் ஆலையில் மூட்டை தூக்கியவர். கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பல் ஏறியவர், அந்தக் கடன் தீரும்வரை தம் கூலியை முழுதாகக் கண்ணால் பார்த்ததில்லை என்று அப்பத்தா சொல்வார். பகல் வேலைக்காரர் எழுந்த பாயிலேயே இரவு வேலைக்காரர் படுப்பாராம். பாயில் சூடு ஆறியதே இல்லையாம். நம் மன்றச் சுவரில் மாலையோடு தொங்கும் படங்களில் அவரைப் போன்ற ஒருவரையாவது காட்டுங்கள். ஆண்டு மலரிலும் அவர்களுக்கு இடமில்லை. விளம்பரம் கொடுக்க வசதியில்லாதவர்கள் பாருங்கள்.

"1942இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சிக் காட்டு வழியே நடந்து மாண்டோம், 1964இல் ராணுவ அரசு கடைகளை எடுத்துக்கொண்டதும் கட்டிய துணியோடு கப்பலேறினோம், நம்மைப் போய்க் குற்றம் சொல்வதா?" என்கிறார் ஒரு பெரியவர். ஐயா, அதை அவள் எங்கே மறுத்தாள்? நம் கண்ணீரைப் பேசலாம், பிறர் கண்ணீரைப் பேசக்கூடாது என்றால், போட்டி விதிகளிலேயே அதை அச்சடித்திருக்கலாமே.

"பர்மியர் காதில் விழுந்தால் என்ன ஆவது?" என்ற எச்சரிக்கையைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. அவள் பேசியது தமிழில், நம் மன்றத்துக்குள். நிலத்தை இழந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இது தெரியாமல் வளர்ந்தவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்தாம். பர்மியருக்குத் தெரியாத எதை இந்தப் பெண் புதிதாகச் சொல்லிவிட்டாள்?